முற்றத்தைச் சுற்றி ஒரு கல்லூரி

ஆக்ஸ்போர்டு நகரத்துக்கு முதல்முறை போகிறவர்கள் தெருவில் எதிர்ப்படுகிறவரை நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "யுனிவர்சிட்டி எந்தப் பக்கம்?" உள்ளூர்க்காரருக்கு இதற்குப் பதில் சொல்வது லேசான காரியமில்லை. பல்கலைக்கழகத்தின் நூலகம் ஒரு தெருவில் இருக்கிறது, தேர்வுக்கூடம் இன்னொரு தெருவில், ஆய்வகங்கள் ஊருக்கு வடக்கே. நடுவில் எங்கு திரும்பினாலும் உயரமான கல்சுவரும் கனத்த மரக்கதவுமாகக் கல்லூரிகள். கேம்பிரிட்ஜிலும் இதே கதைதான். அங்கே 31 கல்லூரிகள். பெயர்ப்பலகை மாட்டிய ஒரே பெரிய வாசல், உள்ளே ஒரு வளாகம் என்று எதுவும் கிடையாது. ஏன் இப்படி என்பதைக் கையில் டீயை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், நம் எல்லோருக்கும் இருக்கும் ஓர் எண்ணத்தைத் தொட்டுவிட வேண்டும். உறைவிடக் கல்லூரி என்றால் ஹாஸ்டல் உள்ள கல்லூரி என்று நினைக்கிறோம். நமக்குத் தெரிந்த ஏற்பாடு அதுதான்: வகுப்பு கல்லூரியில், தூக்கம் ஹாஸ்டலில், மெஸ் பில் தனி. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் செய்து கொடுக்கும் ஒரு வசதி ஹாஸ்டல். அதை மூடிவிட்டாலும் கல்லூரி கல்லூரியாகவே இருக்கும். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் வரிசை நேர் எதிர். அங்கே முதலில் வந்தது வீடு. சேர்ந்து வாழ்வதற்காகப் பெரியவர்கள் சிலருக்கு ஒரு வீடும் சொத்தும் கொடுக்கப்பட்டன. இளைய மாணவர்களும் பாடமும் அந்த வீட்டுக்குள் பிறகு வந்து சேர்ந்தவை. பட்டம் மட்டும் வீட்டுக்கு வெளியே, பல்கலைக்கழகத்தின் கையில் நின்றுவிட்டது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கட்டடங்களின் ஒவ்வொரு மூலையும் விளங்கிவிடும்.

நாம் இப்படி நினைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தொடங்கப்பட்டபோது, அதற்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது லண்டன் பல்கலைக்கழகம். 1836இல் சாசனம் பெற்ற அந்த லண்டன் பல்கலைக்கழகம் அப்போது தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பு. ஆகவே நமக்கு வந்து சேர்ந்தது இணைப்புக் கல்லூரி முறை. பாடம் சொல்வது கல்லூரி, பரீட்சை வைப்பது பல்கலைக்கழகம், மாணவர் எங்கே தங்குகிறார் என்பது அவரவர் பாடு. ஆக்ஸ்போர்டின் பழைய வழக்கம் அப்போது இந்தியாவுக்குக் கப்பல் ஏறவில்லை.

இப்போது பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆக்ஸ்போர்டுக்குப் போவோம். ஆசிரியர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கென்று கட்டடம் கிடையாது. கூட்டம் கூட வேண்டுமென்றால் செயின்ட் மேரி தேவாலயத்தில் கூடினார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் ஊர்க்காரர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். இல்லையென்றால் ஓர் ஆசிரியர் வாடகைக்கு எடுத்து நடத்தும் வீட்டில் தங்கினார்கள். வாடகை, உணவு விலை, குடி என்று ஊராரோடு ஓயாத சண்டை. 1209இல் மூண்ட ஒரு மோதலில் மாணவர்கள் தூக்கிலிடப்பட, பலர் ஊரைவிட்டே போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு கூட்டம் உட்கார்ந்த இடம்தான் கேம்பிரிட்ஜ். 1355 பிப்ரவரி 10ஆம் தேதி, ஒரு மதுக்கடையில் மது சரியில்லை என்று தொடங்கிய தகராறு மூன்று நாள் கலவரமாகி அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களின் உயிரைக் குடித்தது. அதற்குப் பரிகாரமாக ஆக்ஸ்போர்டு நகரத்தார் ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்குக் காசு கட்டும் வழக்கம் 1825 வரை நீடித்தது.

இந்தச் சூழலில்தான் வால்டர் டி மெர்ட்டன் என்பவர் வருகிறார். இங்கிலாந்து மன்னரின் சான்சலராக இருந்தவர். 1264இல் அவர் செய்தது நமக்கு நன்றாகவே புரியக்கூடிய ஒரு காரியம்: அறக்கட்டளை வைத்தார். சர்ரே பகுதியில் தமக்கிருந்த நிலங்களை எழுதிவைத்து, அந்த வருமானத்தில் அறிஞர்கள் சிலர் படித்து வாழட்டும் என்றார். தம் உறவுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமையும் வைத்தார். பல்கலைக்கழகத்திடம் அவர் பணத்தைக் கொடுக்கவில்லை. அங்கே வாழ்பவர்களிடமே கொடுத்தார். 1274இல் முடிவான விதிகளின்படி அவர்கள் ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாக உண்டு, தங்கள் சொத்தைத் தாங்களே நிர்வகிக்க வேண்டும். இப்படி உறுப்பினராக வாழ்பவருக்கு ஃபெல்லோ என்று பெயர். ஆக்ஸ்போர்டில் யுனிவர்சிட்டி கல்லூரியும் பேலியல் கல்லூரியும் இதே காலத்தவைதான். ஆனால் பிற்காலக் கல்லூரிகள் பார்த்து எழுதிக்கொண்டது மெர்ட்டனின் விதிகளை. கேம்பிரிட்ஜின் மிகப் பழைய கல்லூரியான பீட்டர்ஹவுஸ் 1284இல் தொடங்கியபோது மெர்ட்டன் கல்லூரிதான் அதற்கு மாதிரி.

இங்கே சற்று நிற்போம். கல்லூரி என்றால் மாணவர்கள் என்ற பழக்கத்தில் இருக்கும் நமக்கு, ஃபெல்லோக்கள்தான் கல்லூரி என்பது சட்டென்று பிடிபடாது. ஓர் எடுத்துக்காட்டு போதும். ஆக்ஸ்போர்டில் 1438இல் நிறுவப்பட்ட ஆல் சோல்ஸ் என்ற கல்லூரி இன்றும் இருக்கிறது. கோபுரம் இருக்கிறது, சேப்பல் இருக்கிறது, அருமையான நூலகம் இருக்கிறது; இளங்கலை மாணவர்கள் இல்லை. ஃபெல்லோக்கள் மட்டுமே. மாணவரே இல்லாமல் ஒரு கல்லூரி முழுக் கல்லூரியாக இருக்க முடிகிறது என்றால், அதன் அடிப்படை ஃபெல்லோக்களின் கூட்டு வாழ்க்கை என்று தெரிகிறது அல்லவா? ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் உரிமையும் அந்த வீட்டை ஆளும் உரிமையும் உள்ளவர்களின் குழுதான் கல்லூரி.

இனி அந்த வீட்டுக்குள் நுழைவோம். நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருப்பக்கம் கெட்டியான சுவர், ஒரே தலைவாசல். உள்ளே போனால் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அறைகள். எல்லா அறையும் முற்றத்தைப் பார்க்கும். தெருவுக்கு வீடு முதுகைக் காட்டும். ஆக்ஸ்போர்டுக் கல்லூரியின் எலும்புக்கூடும் இதுதான். இந்த முற்றத்தை ஆக்ஸ்போர்டில் குவாட் என்றும் கேம்பிரிட்ஜில் கோர்ட் என்றும் சொல்கிறார்கள். ஒரே வாசல் இருந்தால் வருவோர் போவோரைக் காவலர் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். இரவில் கதவைச் சாத்தினால் ஊர்ச் சண்டை வெளியே, பையன்கள் உள்ளே. இன்றும் வாசலை ஒட்டிய அறையில் போர்ட்டர் உட்கார்ந்திருப்பார். கடிதம், சாவி, வழி கேட்பவர் எல்லாம் அவரைத் தாண்டித்தான்.

மெர்ட்டன் கல்லூரியின் மாப் குவாட் ஆக்ஸ்போர்டிலேயே பழைய முற்றம் என்று சொல்லப்படுவது. அது திட்டம் போட்டுக் கட்டியதல்ல. 1280களின் பிற்பகுதியில் தொடங்கி 1378 வரை பக்கம் பக்கமாகச் சேர்ந்தது. முதலில் எழுந்த கட்டடங்களில் ஒன்று பத்திரங்களையும் பணத்தையும் வைக்கும் கருவூலம். அதற்கு மட்டும் கூரையும் கல்லால் ஆனது, செங்குத்தான சரிவோடு; தீப்பிடித்தாலும் நிலப் பத்திரங்கள் தப்ப வேண்டும் அல்லவா? கடைசியில், 1370களில், இரண்டு பக்கங்களின் மேல்தளத்தில் நூலகம் வந்தது. கீழே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எது நூலகம் என்று ஜன்னலை வைத்தே சொல்லிவிடலாம். குறுகலான ஒற்றை ஜன்னல்கள் ஒரே இடைவெளியில் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் உள்ளே ஒரு வாசகர் உட்காரும் இடத்துக்கு வெளிச்சம் தருவது. புத்தகங்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காலம் அது. புத்தகம் ஆளிடம் வராது, ஆள்தான் புத்தகத்திடம் போய் உட்கார வேண்டும்.

மெர்ட்டனில் நூறு ஆண்டுகளில் தானாக ஒட்டிச் சேர்ந்ததை, 1379இல் வின்செஸ்டர் பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம் ஒரே மூச்சில் வரைந்து கட்டினார். அதுதான் நியூ காலேஜ். பெயரில் புதுமை, வயது ஆறரை நூற்றாண்டு. சேப்பல், உணவுக்கூடம், நூலகம், அறைகள், தலைவர் குடியிருக்கும் வாசல் கோபுரம் எல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றி முதலிலேயே திட்டமிட்டு வந்தன. ஒரு தலைவர், எழுபது உறுப்பினர்கள். அந்த எழுபதில் இளைய மாணவர்களும் இருந்தார்கள் என்பதே பெரிய மாற்றம். ஓர் அறையில் மூன்று நான்கு பேர். அவர்களில் மூத்தவர் ஒருவர் மற்றவர்களின் படிப்பையும் நடத்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. கல்லூரிக்குள் பாடம் நுழைந்தது இந்த வழியாகத்தான்: ஒரே அறையில் படுத்த மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்ததாக. பின்னாளில் கட்டணம் செலுத்திப் படிக்கும் பிள்ளைகள் பெருகியதும் இடம் போதாமல் போனது. 1674இல் அந்த முற்றத்தின் மேல் இன்னொரு மாடி எழுந்தது.

அறைகளுக்கு எப்படிப் போவது? நம் ஹாஸ்டலில் நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள். அங்கே வராந்தா கிடையாது. முற்றத்தின் ஓரமாகப் பல சிறிய நுழைவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படிக்கட்டு மேலே ஏறும். ஒவ்வொரு தளத்திலும் பெரும்பாலும் இரண்டு கதவுகள். கட்டடத்தின் அகலம் ஓர் அறை அளவுதான் என்பதால் இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் கிடைத்தது. வராந்தா வைத்தால் ஒரு பக்கத்து வெளிச்சம் போய்விடும். படிக்கட்டின் கீழே ஒரு பலகையில் அங்கே குடியிருப்பவர்களின் பெயர்கள் எழுதியிருக்கும், மாணவர் பெயரும் ஆசிரியர் பெயரும் ஒரே பட்டியலில். பழைய அறைகளுக்கு இரட்டைக் கதவு. வெளிக்கதவு திறந்திருந்தால் உள்ளே இருக்கிறார், தட்டலாம். அதைச் சாத்தியிருந்தால் வேலையாக இருக்கிறார், தொந்தரவு செய்யாதே. நூறு பேர் வரிசையில் தொலைந்து போகாமல், ஒரு படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்துகொள்கிறார்கள்.

தனித்தனிப் படிக்கட்டுகளில் பிரிந்தவர்களை ஒன்று சேர்ப்பது உணவுக்கூடம். உயர்ந்த கூரை, நீள மேசைகள், பெஞ்சுகள். ஒரு கோடியில் ஒரு படி உயர்ந்த மேடை. அதன்மேல் குறுக்காகப் போட்ட மேசையில் ஃபெல்லோக்கள். எதிர்க் கோடியில் மரத்தடுப்பு. அதற்குப் பின்னால் சமையலறைக்கும் பண்டகசாலைக்கும் போகும் வழி. இது அந்தக் காலத்துப் பிரபுக்கள் மாளிகையின் கூடத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. மேடையும் கீழ்வரிசையும் ஏற்றத்தாழ்வுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் ஒரே கூரையின்கீழ் ஒரே சமையலைச் சாப்பிட்டார்கள் என்பதும் உண்மை. ஃபெல்லோக்கள் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதி 1877ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டித் தளரும் வரை, பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கூடத்தைத் தவிர வேறு சாப்பாட்டு இடமும் இல்லை.

வீடு ஒரு பக்கம், பட்டம் ஒரு பக்கம் என்று தொடக்கத்தில் சொன்னோம். அதைக் கல்லிலேயே காட்டியவர் கேம்பிரிட்ஜின் டாக்டர் ஜான் கீஸ். இத்தாலியின் பதுவாவில் மருத்துவம் படித்தவர். தாம் படித்த கான்வில் ஹாலுக்கு 1557இல் சொத்துக் கொடுத்துப் புதுப்பித்தார். இன்று அது கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி. அவர் கட்டிய முற்றத்துக்கு மூன்று பக்கம்தான். நாலு பக்கமும் அடைத்தால் காற்று தேங்கிக் கெடும், நோய் வரும் என்பது மருத்துவரான அவர் கவலை. தெற்குப் பக்கத்தை எக்காலத்திலும் அடைக்கக் கூடாது என்று விதியே எழுதினார். அதோடு மூன்று வாசல்கள் வைத்தார். மாணவர் நுழைவது பணிவு வாசல் வழியாக. தினமும் புழங்குவது நல்லொழுக்க வாசல். படிப்பு முடிந்து வெளியேறுவது சிறப்பு வாசல். அந்த மூன்றாவது வாசல் திறப்பது பல்கலைக்கழகக் கட்டடங்களை நோக்கி. இன்றும் பட்டமளிப்பு நாளில் அந்தக் கல்லூரி மாணவர்கள் அதன் வழியாகத்தான் செனட் ஹவுசுக்குப் போகிறார்கள். வளர்த்தது வீடு, பட்டம் கொடுப்பது எதிரே இருக்கும் பல்கலைக்கழகம். இடையில் ஒரு வாசல்.

இந்த இரட்டை ஏற்பாட்டை நம்மவர் ஒருவர் வாழ்க்கையிலும் பார்க்கலாம். சீனிவாச ராமானுஜன் 1914இல் இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த வியூவல்ஸ் கோர்ட்டில் தங்கினார். 1916இல் ஆய்வுக்காக அவருக்குப் பட்டம் கிடைத்தது. கொடுத்தது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். டிரினிட்டியின் ஃபெல்லோவாக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 1918 அக்டோபரில், தேர்ந்தெடுத்தது கல்லூரி. முதல் முயற்சியில், 1917இல், அதே கல்லூரி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்துவிட்டதால் கல்லூரி ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒன்று திறமைக்குச் சான்று, மற்றது அந்த வீட்டில் உறுப்பினராகும் உரிமை. சைவ உணவை விடாத ராமானுஜன் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். கல்லூரியின் உயிரே உணவுக்கூடம்தான் என்று பார்த்தோமே, அந்தக் கூடம் அவருக்கு அந்நியமாகவே இருந்தது. அங்கே அவர் எவ்வளவு தனிமைப்பட்டார் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

பெண்கள் கதையிலும் இதே கோடுதான் குறுக்கே வருகிறது. 1869இல் தொடங்கிய கர்ட்டன், 1871இல் தொடங்கிய நியூன்ஹாம் ஆகிய கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் பெண்களுக்கு வீடும் பாடமும் கொடுத்தன. அந்தக் கட்டடங்களில் படிக்கட்டு முறையை விட்டு வராந்தா முறையை எடுத்துக்கொண்டார்கள். கூரைக்கு அடியிலேயே அறையிலிருந்து நூலகத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்வரலாம். 1890இல் நியூன்ஹாமின் ஃபிலிப்பா ஃபாசெட் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற ஆணையும் தாண்டி மதிப்பெண் பெற்றார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. கல்லூரி கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டது. பட்டம் அதன் கையில் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க 1948 வரை ஆனது. ஆக்ஸ்போர்டு 1920இலேயே கொடுத்துவிட்டது.

இன்றும் வேலைப் பங்கீடு ஏறக்குறைய அதேதான். இளங்கலை மாணவரைச் சேர்த்துக்கொள்வது கல்லூரி. விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் பல்கலைக்கழகத்துடையவை. அறை, சாப்பாடு, நூலகம், வாராந்தரப் பாடம் கல்லூரியில். அந்த வாராந்தரப் பாடத்தில் ஓர் ஆசிரியர் முன்னால் இரண்டு மூன்று மாணவர்கள்தான் இருப்பார்கள். எழுதி வந்த கட்டுரையை வைத்துக்கொண்டு ஆசிரியர் கேள்வி மேல் கேள்வி கேட்பார். கடைசி பெஞ்சு என்பதே அங்கே இல்லை. முன்பு ஒரே அறையில் படுத்து மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கத்தின் தொடர்ச்சி இது.

இந்த முறையைப் பிற நாடுகள் எடுத்துக்கொண்டபோது என்ன நடந்தது? அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தரின் கொடையால் ஹார்வர்டு 1930 முதலும் யேல் 1933 முதலும் முற்றமும் உணவுக்கூடமும் உள்ள உறைவிடக் கல்லூரிகளைத் திறந்தன.  ஆனால் அந்தக் கல்லூரிகள் தனிச்சொத்து உள்ள தன்னாட்சி அமைப்புகள் அல்ல, பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். இலங்கையில், கேம்பிரிட்ஜில் படித்த ஐவர் ஜென்னிங்ஸ் துணைவேந்தராக இருந்து வளர்த்த பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது உறைவிட மண்டபங்களோடு எழுந்தது. அவற்றில் இரண்டுக்கு அருணாசலம், இராமநாதன் என்று சகோதரர்கள் இருவரின் பெயர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் போனபோது சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று தனித்தனி இல்லங்களாக மாணவர் வாழ்க்கையை அமைத்துக்கொண்டது.

கூர்வளைவும் கோபுரமும் இதற்குக் கட்டாயமில்லை. 1960களில் டென்மார்க் கட்டடக் கலைஞர் ஆர்னே யாக்கப்சன் ஆக்ஸ்போர்டில் செயின்ட் கேத்தரின் கல்லூரியைக் கான்கிரீட்டாலும் கண்ணாடியாலும் கட்டினார். பழைய அலங்காரம் ஒன்றுகூட இல்லை. முற்றம் இருக்கிறது, படிக்கட்டு முறை இருக்கிறது, ஃபெல்லோக்களும் மாணவர்களும் சேர்ந்து உண்ணும் பெரிய கூடம் இருக்கிறது. அதனால் அது உறைவிடக் கல்லூரிதான்.

நம் ஊரில் புதிது புதிதாகப் பல்கலைக்கழகங்கள் எழுகின்றன. ஹாஸ்டல்களும் மாடி மாடியாக உயர்கின்றன. அவற்றைத் திட்டமிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆக்ஸ்போர்டின் கோபுரத்தைக் காப்பியடிக்க வேண்டாம், செலவும் மிச்சம். ஒவ்வொரு ஹாஸ்டலிலும் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சிலர் குடியிருக்க அறைகள் ஒதுக்குங்கள்; வாரத்தில் ஒரு நாளாவது அவர்களும் மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள். ஏழரை நூற்றாண்டாக அந்த முறை பிழைத்திருப்பது அந்த மேசையால்தான்.